கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் உண்மையில் என்ன வைக்கலாம்?

கணக்கு டீச்சர்:

திருச்சபை நடத்தும் பள்ளியில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன். பள்ளி திறக்கும் முன் நடக்கும் ஆசிரியர் பயிற்சியை இந்த முறை நீங்களே திட்டமிடுங்கள் என்று தலைமை ஆசிரியை என் தலையில் கட்டிவிட்டார்.

இதுவரை நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலையில் ஜெபம், போதகரின் செய்தி, மதியம் தன்னம்பிக்கைப் பேச்சாளர், கடைசியில் சான்றிதழ், குரூப் போட்டோ. போன முறை வந்தவர், பாடக்குறிப்பில் வேதவசனத்துக்கென்று ஒரு கட்டம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் கணக்குத் துறையில் வகுத்தலுக்கும் இயேசு கூட்டத்துக்குப் பகிர்ந்து கொடுத்த ஐந்து அப்பம் இரண்டு மீன், பெருக்கலுக்கும் ஐந்து அப்பம் இரண்டு மீன், பின்னத்துக்கும் அதே. வட்டத்தின் பரப்பளவுக்கு வசனம் தேடி ஒருவர் ஸ்டாஃப் ரூமில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு இதனால் வசனமும் ஒட்டவில்லை, கணக்கும் ஒட்டவில்லை.

நிர்வாகம் "ஆவிக்குரிய பகுதி கட்டாயம்" என்கிறது. எனக்கோ வகுப்பில் ஏதாவது மாற வேண்டும். புது ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள், அதில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் உண்டு. வெளியாட்களை அழைக்க நிதி கிடையாது. என்ன செய்யலாம்?

ஓய்வு பெற்ற பயிற்றுநர்:

டீச்சர், நான் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் வெகுகாலம் இருந்தவன். அந்தச் சான்றிதழ்கள் பலவற்றில் என் கையெழுத்தும் இருக்கும்.

இந்தக் கேள்விக்கு முந்நூறு வருடத்துக்கு மேல் வயது. 1680களில் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளைக் கையில் எடுத்தபோது, அவரிடம் இருந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சியே இல்லை. 1685இல் கிராமப்புற ஆசிரியர்களுக்கென்று தனியாக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவர் நிறுவிய ஆசிரியர் சபையில் புழங்கிய நடைமுறைக் கையேடு முதலில் கைப்பிரதியாகத்தான் சுற்றியது. அவர் இறந்த மறு வருடம், 1720இல், அச்சாகியது. ஒரு குருவானவர் எழுதியதாயிற்றே, பக்கத்துக்குப் பக்கம் உபதேசம் இருக்கும் என்று நினைத்துத்தான் நான் அதைத் திறந்தேன். உள்ளே இருப்பது வேறு. எழுத்துப் பயிற்சியை எப்படித் திருத்துவது, வாயைத் திறக்காமல் சைகையால் எப்படி வகுப்பை நடத்துவது, வாசிப்பை லத்தீனில் தொடங்காமல் தாய்மொழியில் தொடங்குவது, இப்படியே போகிறது. புது ஆசிரியரிடமிருந்து களைய வேண்டியவை என்று ஒரு பட்டியலும் உண்டு. அதில் முதலாவது, பேசும் அரிப்பு! நல்லாசிரியருக்கு வேண்டியதாக அவர் சொல்லும் பன்னிரண்டு நற்பண்புகளில் மௌனம் இரண்டாவது. பக்தி பதினொன்றாவதாகத்தான் வருகிறது. அவருக்குப் பக்தி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது, புனிதர் பட்டம் பெற்றவர்.

அதனால் நீங்களும் பேச்சைக் குறைப்பதில் தொடங்குங்கள். 1963இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணிலைக் கற்பித்தல் பி.எட்.டில் எல்லோரும் செய்ததுதான். ஐந்து முதல் பத்து நிமிடப் பாடம், நாலைந்து பேர் மாணவர்களாக உட்காருவார்கள், ஒரே ஒரு திறன். அந்தத் திறனாக, கேள்வி கேட்டபின் காத்திருப்பதை வையுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்புப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்து, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை என்று கண்டார். மூன்று நொடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். செய்து பாருங்கள், அந்த மூன்று நொடி ஒரு யுகமாகத் தெரியும்.

அப்புறம் உங்கள் வசனக் கட்டம். விசுவாசம் பாடக்குறிப்பில் வருவதைவிட, விடைத்தாள் திருத்தும் மேஜையில்தான் அதிகம் வெளிப்படும் என்பது என் எண்ணம். பழைய விடைத்தாள் கட்டு ஒன்றை எடுங்கள், பெயரை மறைத்துவிடுங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய பிள்ளை ஏன் அப்படி எழுதினாள்? மேலே உள்ளதை மேலே உள்ளதோடு கூட்டினாள், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு கூட்டினாள். முழு எண்ணில் அவளுக்குக் கை கொடுத்த வழியை இங்கேயும் நம்பியிருக்கிறாள். "கவனக்குறைவு" என்று எழுதிச் சிவப்பு மையால் அடிப்பவர் இதைப் பார்ப்பதில்லை. சரி, அவளுக்கு என்ன கேள்வி கேட்டால் அவளே பிடிப்பாள்? "2/5 பெரியதா, 1/2 பெரியதா?" போதும். பிள்ளை தேவசாயலாக, அதாவது கடவுளின் சாயலில், படைக்கப்பட்டவள் என்று ஜெபத்தில் சொல்கிறோமே, அப்படியானால் அவள் செய்த பிழைக்குப் பின்னாலும் ஒரு யோசனை இருக்கும் என்று நம்பித் தேட வேண்டும். ஒரு காலை முழுவதும் இதற்கே கொடுங்கள். கிறிஸ்தவர் அல்லாத ஆசிரியரும் சங்கடமில்லாமல் உட்காருவார்.

தாளாளர் அலுவலகத்திலிருந்து:

சார் சொல்வது பிடித்திருக்கிறது, ஆனால் நிர்வாகத் தரப்பையும் கேளுங்கள். காலைத் தியானத்தை எடுத்துவிட்டால் எங்கள் பள்ளி இன்னொரு பள்ளி, அவ்வளவுதான். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கல்வி அறிக்கை (1965) இரண்டையும்தான் கேட்கிறது: உலக அறிவிலும் மறை அறிவிலும் ஆசிரியருக்குத் தகுந்த தகுதி, கூடவே காலத்துக்கேற்ற கற்பிக்கும் திறன். கிறிஸ்தவப் பள்ளிகளின் சர்வதேச சங்கமும் தான் வழங்கும் ஆசிரியர் சான்றிதழுக்குக் கிறிஸ்தவக் கல்வித் தத்துவத்தில் படிப்பு கேட்கிறது. புதிதாக வருபவருக்கு இந்தப் பள்ளி ஏன் இருக்கிறது என்று யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஆனால் பிரசங்கமாக வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் இப்போது சம்பவங்களைக் கொடுத்து முடிவெடுக்கச் சொல்கிறோம். காப்பியடித்துப் பிடிபட்டவன் பாடகர் குழுவின் முக்கியமான பையன், என்ன செய்வீர்கள்? வேறு மதப் பிள்ளை காலை ஜெபத்தில் கண்ணை மூடாமல் நிற்கிறாள், ஒரு ஆசிரியர் அதட்டுகிறார், நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். கட்டணம் பாக்கி உள்ளவனைத் தேர்வுக்கு முன் எழுப்பி நிறுத்தச் சொல்லி அலுவலகத்திலிருந்தே சீட்டு வருகிறது. கடைசிச் சம்பவத்தை வைத்தபோது என் நாற்காலியில் நானே நெளிந்தேன். ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்த இத்தாலியக் குருவானவர் தொன் போஸ்கோ தடுப்பு முறைக் கல்வியைப் பற்றி 1877இல் எழுதியபோது அறிவு, சமயம், அன்பு என்று மூன்றையும் சேர்த்துத்தான் வைத்தார். தண்டனை கொடுக்கும் நிலை வருமுன்னே பிள்ளையோடு கூட இருப்பதுதான் அந்த முறை. அது பேச்சில் வராது, இப்படிப்பட்ட விவாதத்தில் வரும்.

சிறப்புக் கல்வி அக்கா:

இரண்டு விஷயம் விட்டுப்போகிறது.

ஒன்று, கற்றல் குறைபாடு. டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற்றம்) உள்ள பிள்ளைக்காகக் குழுவாக ஜெபித்துவிட்டு, மறுநாள் அதே பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி எழுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடுதல் நேரம் கொடுங்கள், வாய்மொழியாகக் கேளுங்கள், கரும்பலகையிலிருந்து எழுதவேண்டியதை அச்சிட்டுக் கொடுங்கள். பிள்ளை பேசும்போது தெளிவாக இருந்து எழுத்தில் மட்டும் தடுமாறினால் சோம்பல் என்று முத்திரை குத்தாமல் மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. எவ்வளவு பேசினாலும் இது போதாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்ததை ஒரு ஆசிரியரிடம் சொன்னால்: யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, துருவித் துருவி விசாரிக்கக் கூடாது, பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதி வைத்து அன்றைக்கே பள்ளியின் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சேர்க்க வேண்டும். பொறுப்பாளர் யார் என்று ஒவ்வொரு ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் பள்ளிகளில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. "மன்னித்துவிடு, சபையின் பெயர் கெடும்" என்று யாராவது நல்ல எண்ணத்தோடேயே சொல்லிவிடுவார்கள். மன்னிப்பது அந்தப் பிள்ளையின் காரியம். சட்டப்படி தெரிவிக்க வேண்டியது நம் கடமை, அதை மன்னிப்பைக் காட்டி நிறுத்த முடியாது. இதைத் தாளாளரும் போதகரும் உட்கார்ந்திருக்கும் அமர்விலேயே பேசுங்கள், ஆசிரியர்களுக்கு மட்டும் என்று வைத்தால் பாதிப் பயன்தான்.

கணக்கு டீச்சர்:

சார், அக்கா, எல்லோருக்கும் நன்றி. விடைத்தாள் அமர்வையும் பாதுகாப்பு அமர்வையும் தலைமை ஆசிரியை உடனே ஒத்துக்கொண்டார். மாட்டிக்கொண்டது நுண்ணிலைக் கற்பித்தலில்தான். சீனியர் ஆசிரியர்கள், "நேற்று வந்தவர்கள் பார்க்க நாங்கள் பாடம் நடத்திக் காட்டணுமா" என்கிறார்கள். இன்னொன்று, பள்ளி திறந்து ஒரு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடாதா?

ஓய்வு பெற்ற பயிற்றுநர்:

முதலில் தலைமை ஆசிரியையை நடத்தச் சொல்லுங்கள், தன் பாடமல்லாத வேறு பாடத்தில். அடுத்து நீங்கள். பார்ப்பவர் மதிப்பெண் போடக் கூடாது, "நன்று" என்றுகூட எழுத வேண்டாம். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே எத்தனை நொடி என்று மட்டும் குறிக்கட்டும். அந்தத் தாள் பாடம் நடத்தியவர் கைக்குப் போகட்டும், அலுவலகக் கோப்புக்கு வேண்டாம். சீனியர்களின் பயம் பெரும்பாலும் அந்தக் கோப்பைப் பற்றியதுதான்.

பழையபடி ஆகும், நிச்சயமாக ஆகும். ஜாய்ஸ், ஷவர்ஸ் என்ற இருவர் 1980களிலேயே இதை எழுதிவிட்டார்கள்: விளக்கவுரை, செய்து காட்டுதல், பயிற்சி எல்லாம் கொடுத்தாலும், பிறகு வகுப்பிலேயே கூட இருந்து துணை செய்ய ஒருவர் இல்லாவிட்டால் கற்றது வகுப்புக்குள் போய்ச் சேருவதில்லை. ஆசிரியர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள், பாடம் வேறாக இருந்தால் இன்னும் நல்லது. மாதம் ஒரு முறை ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்வரிசையில் உட்காரட்டும். அதற்குக் கால அட்டவணையில் இப்போதே ஒரு பீரியட் ஒதுக்கி வாங்குங்கள். பள்ளி திறந்த பிறகு கேட்டால் கிடைக்காது, அந்த பீரியடை யாருடைய விடுப்புக்காவது மாற்று வகுப்பாகப் போட்டுவிடுவார்கள்.