பொருள்: முஃதஸிலா - வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

இளங்கலை வரலாற்று வகுப்புக்குப் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இராக்கின் பஸ்ராவில் வாழ்ந்த வாஸில் இப்னு அத்தா (இறப்பு 748) பற்றிய பத்தியில் சிக்கி நிற்கிறேன். பெரும்பாவம் செய்த முஸ்லிம் இறைநம்பிக்கையாளனா, மறுப்பாளனா என்று ஹஸன் அல்-பஸ்ரீயின் பாடவட்டத்தில் ஒருவர் கேட்கிறார். இரண்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை என்று சொல்லிவிட்டு வாஸில் எழுந்து, பள்ளிவாசலின் இன்னொரு தூணருகே போய் உட்கார்ந்துகொள்கிறார். "நம்மை விட்டு விலகிவிட்டார்" என்றாராம் ஹஸன். அரபியில் 'இஃதஸல'. முஃதஸிலா என்ற இஸ்லாமிய இறையியல் பிரிவின் பெயர் அதிலிருந்து வந்தது என்பது மரபுக்கதை. 'விலகியோர்' என்று போட்டுவிடலாமா?

---

> 'விலகியோர்' என்று போட்டுவிடலாமா?

வேண்டாம். கட்சியை விட்டு, பதவியை விட்டு விலகுவார்கள். இவர் அதே கூரையின் கீழ் தூண் மாறி உட்கார்ந்தவர். 'ஒதுங்கியோர்' சரியாக இருக்கும்.

---

பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் என்று திட்டுவோமே, அந்த ஒதுங்கலா? மாணவர்கள் சிரித்துவிடுவார்கள். 'நீங்கியோர்' என்போம். 'யாதனின் யாதனின் நீங்கியான்' என்று வள்ளுவரே எடுத்துக் கொடுக்கிறார். உதடு ஒட்டாத குறள் என்பது கூடுதல் அழகு.

---

ஐயா, உதடு ஒட்டாது, ஆனால் 'நோதல்' என்னும்போது குவியும். உதடு படாமல் பாடும் நிரோட்டகத்தில் அதுவும் கூடாது. இங்கே நமக்கு வேண்டியது வேறு. வாஸிலுக்கு ரகரம் வராது. மேடையில் ரகரச் சொல் குறுக்கிட்டால் அந்த நொடியிலேயே மாற்றுச்சொல் போட்டுவிடுவார். மழைக்கு 'மதர்' என்னாமல் 'ஃகைஸ்', கோதுமைக்கு 'புர்ர்' என்னாமல் 'கம்ஹ்'. ஒரு குத்பா (சமய உரை) முழுவதையும் ரகரமே இல்லாமல் ஆற்றியவர். அந்தக் குறளை எடுத்துப் பாருங்கள், ரகரமும் இல்லை, றகரமும் இல்லை. வாஸில் தடங்கலின்றிச் சொல்லியிருப்பார்! ஆனால் விலகியோர், ஒதுங்கியோர், நீங்கியோர் மூன்றுமே 'ர்' என்று முடிகின்றன. அவர் வாயில் நுழையாத பெயரை அவருக்கே சூட்டுவது நியாயமா? 'விலகிகள்' என் பரிந்துரை.

---

'விலகிகள்' கொசு விரட்டி மாதிரி இருக்கிறது. தவிர, 'முஃதஸிலா'வில் ரகரம் ஏது?

மதரஸாவில் ஓதியவர்கள் எல்லாரும் முஃதஸிலா என்றுதான் சொல்கிறோம். கதைப்படி அது எதிர்த்தரப்பு வாயிலிருந்து வந்த பெயர். 656இல் முஸ்லிம்களுக்குள்ளேயே நடந்த ஒட்டகப் போரில் எந்தப் பக்கமும் சேராமல் இருந்தவர்களையும் இதே வினையால் குறித்திருக்கிறார்கள். முஃதஸிலாவினர் தங்களுக்கு விரும்பிய பெயர் 'அஹ்லுல் அத்ல் வத்தவ்ஹீத்', அதாவது நீதிக்கும் இறையொருமைக்கும் உரியோர். 'விலகியோர்' என்று எழுதினால் ஹஸனின் தீர்ப்பையும் சேர்த்து எழுதுகிறீர்கள்.

இன்னொன்று, யாராவது 'பகுத்தறிவாளர்' என்று கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். தமிழில் அந்தச் சொல் கருப்புச் சட்டை போட்டிருக்கிறது. இவர்களோ இறைவனின் ஒருமைக்குப் பங்கம் வரக்கூடாது என்பதற்காகவே குர்ஆன் படைக்கப்பட்டது, இறைவனைப் போல் என்றென்றும் இருப்பதல்ல என்றவர்கள். 833இல் கலீஃபா மஃமூன் அதை ஒப்புக்கொள்ளச் சொல்லி அறிஞர்களை விசாரணைக்கு இழுத்தார். அடுத்த கலீஃபா காலத்தில் அதை ஏற்க மறுத்த அறிஞர் அஹ்மத் இப்னு ஹன்பல் சவுக்கடி பட்டார். பகுத்தறிவு என்று ஒரே சொல்லில் இதையெல்லாம் எப்படி அடைப்பது?

---

> முஃதஸிலா என்றுதான் சொல்கிறோம்

சொல்லுங்கள், தடையில்லை. 'ஸ'வை மட்டும் விடுங்கள். 'வடவெழுத்து ஒரீஇ', அதாவது வடவெழுத்தை நீக்கி, என்பது தொல்காப்பியம். அரபெழுத்துக்கும் அதுவே விதி. ஆனால் ஆய்தம் இருக்கட்டும். குற்றெழுத்துக்கும் உயிரேறிய வல்லினத்துக்கும் நடுவேதான் ஆய்தம் வரும்: அஃது, எஃகு, முஃத. அரபியின் 'ஐன்' எழுத்து தமிழ் இலக்கணப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது! ஆகவே 'முஃதசிலர்'.

---

'சிலர்' என்றால் நாலைந்து பேர் என்று படிப்பார்கள் ஐயா. பெயர்ச்சொல்லை அப்படியே விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

---

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். 'முஃதஸிலா' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'ஒதுங்கியோர்' சேர்க்கிறேன். ஆறு பேரில் நாலு பேர் சரி என்றீர்கள். பாவியின் நிலைக்கு 'நடுநிலை' என்று எழுதியிருந்தேன். அது நடுவர் வேலையாகிவிடும் என்று 'இடைப்பட்ட நிலை' ஆக்கிவிட்டேன்.

---

என்னை அந்த நாலில் சேர்க்க வேண்டாம். அடுத்த பதிப்பிலாவது 'ஸ'வை எடுங்கள்.