ஆற்றங்கரையில் கண்டதும் கேட்டதும்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

இழையைத் தொடங்கியவர்

ஆற்றைக் காக்கும் பணியில் இருக்கும் நாம் நீரின் தரத்தைப் பற்றியும் அள்ளிய குப்பையின் எடையைப் பற்றியும் நிறையவே எழுதுகிறோம். கரையில் யாரைச் சந்தித்தோம், அவர்கள் என்ன சொன்னார்கள், அதனால் நம் வேலை எப்படி மாறியது என்பதை எழுதுவது குறைவு. அதற்காகவே இந்த இழை.

எங்கள் குழு கண்காணிக்கும் பகுதியில் ஒரு பக்கத்துக் கரை நெடுங்காலம் கம்பிவேலிக்குப் பின்னால் இருந்தது. பாதுகாப்புக் கருதிப் போட்ட வேலிதான்; ஆனால், உள்ளே ஆள் நடமாட்டம் இல்லாததால் அங்கே ஆற்றில் என்ன கலக்கிறது என்று கேட்பாரும் இல்லாமல் போனார்கள். பலமுறை மனுக் கொடுத்த பிறகு வேலியில் ஒரு வாசல் வைத்து, நீர்மட்டம் வரை படிகளும் கைப்பிடியும் அமைத்துத் தந்தார்கள். வாசல் திறந்த சில வாரங்களில், அருகிலேயே வெகுகாலமாக வசிக்கும் மூதாட்டி ஒருவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படிப்படியாக இறங்கி வந்தார். நாங்கள் ஆக்சிஜன் அளவியை நீரில் இறக்கிக் குறிப்பெடுப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பட்டப்பகலில் பார்த்தால் என்னப்பா தெரியும்? விடிவதற்கு முன்னால் வந்து பாருங்கள். அந்தக் குழாய்க்குக் கீழே மீனெல்லாம் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்து நிற்கும்" என்றார்.

அவருடைய வீட்டு மாடியிலிருந்து அந்த இடம் தெரியுமாம். வேலி இருந்த காலத்திலும் அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சொல்வதற்குத்தான் கரையில் ஆள் இல்லை.

அவர் சொன்னதற்கு அறிவியல் காரணம் உண்டு. பாசியும் நீர்த்தாவரங்களும் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் அது நின்றுவிட, தாவரம், மீன், பாக்டீரியா என எல்லாமே மூச்சுவிட்டு நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்க்கின்றன. கழிவுநீரின் சத்தை உண்டு பாசி மண்டிய ஆற்றில் இந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருக்கும். பொழுது விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். வெப்பமும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும்; 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். அவர் சொன்ன நேரத்தில் போய் அளந்தபோது அளவி 2 மில்லிகிராமுக்கும் கீழே காட்டியது. அதே இடத்தில் நண்பகலில் எந்தக் குறையும் தெரிந்ததில்லை. மீன்கள் மேலே வந்து காற்றுக்கு ஏங்குவதை நாங்களும் கண்ணால் கண்டோம்.

அது மழைநீர் மட்டுமே வர வேண்டிய குழாய். மழையே பெய்யாத நாளில் மழைநீர் வடிகாலில் நீர் ஓடினால், எங்கோ ஒரு கழிவுநீர் இணைப்பு திருட்டுத்தனமாகவோ தவறுதலாகவோ அதில் சேர்ந்திருக்கக்கூடும் என்று பொருள். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கரைக்கு நடந்து போக வழி இருந்தால் போதும். கரைக்கு வழி, கற்றல், காவல் ஆகிய மூன்றையும் தனித்தனித் திட்டங்களாகப் பேசுவது சரியல்ல என்று நான் நம்பத் தொடங்கியது அந்த மூதாட்டியைச் சந்தித்த பிறகுதான்.

பள்ளி ஆசிரியை ஒருவர்

எங்கள் மாணவர்களை ஆழமில்லாத, கல் நிறைந்த ஓடைப்பகுதி ஒன்றுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். ஒரு சிறுமி நீருக்குள் கால்வைக்கவே மறுத்துக் கரையில் நின்றுகொண்டிருந்தாள். ஆறு என்றால் அழுக்கு, தொட்டால் நோய் வரும் என்றுதான் அவளுக்கு வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. நான் ஒரு கல்லை எடுத்து வந்து, அடிப்பக்கம் மேலே வருமாறு திருப்பி, நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் வைத்தேன். கல்லில் அரிசியளவு நீளத்தில் மணல்துகள்களால் ஆன சின்னக் குழல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. சற்றுப் பொறுத்தால், ஒரு குழலின் முனையிலிருந்து ஆறு கால்களும் ஒரு கருந்தலையும் வெளியே எட்டிப் பார்த்தன. கேடிஸ்ஃப்ளை எனப்படும் பூச்சியின் இளம்பருவம் அது. தன் வாயிலிருந்து சுரக்கும் பட்டிழையால் மணலை ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும். அந்தச் சிறுமி தட்டின்மீது குனிந்தவள், வகுப்பு முடியும்வரை நிமிரவில்லை. அடுத்த கல்லை எடுக்க அவளேதான் நீரில் இறங்கினாள்.

மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை ஆகிய மூன்று வகைப் பூச்சிகளின் இளம்பருவங்கள் பெரும்பாலும் ஆக்சிஜன் மிகுந்த தூய நீரை நாடுபவை. ரத்தப்புழு என்று சொல்லப்படும் சிவப்புப் புழுக்களின் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால், ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அவை தாக்குப்பிடிக்கும். வடிகால் சேரும் இடத்துக்கு மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு என இரண்டையும் அருகருகே வைத்துவிட்டால், மாசு என்பதை விளக்க நான் வாயே திறக்க வேண்டியதில்லை. மேலும், வேதிப் பரிசோதனை அந்த நேரத்து நீரை மட்டுமே காட்டும். பூச்சிகளோ கடந்த பல வாரங்களாக அந்த நீரில் வாழ்ந்தவை என்பதால், நாம் இல்லாத நேரத்தில் நடந்ததையும் அவை காட்டிக்கொடுக்கும். எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே, அதே பக்கம் கீழே இருக்குமாறு வைக்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் மாறாத விதி.

1977இல் இன்றைய ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலிசியில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, சுற்றுச்சூழல் கல்வியின் நோக்கங்களாக விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு ஆகிய ஐந்தை வகுத்தது. பாடப்புத்தகத்தால் முதலிரண்டையும் ஓரளவு கொடுக்க முடியும்; எஞ்சிய மூன்றும் நீரில் கைபடாமல் வருவதை நான் கண்டதில்லை.

பறவை நோக்கும் உறுப்பினர்

மேலே இருவரும் கூறியதில் ஒரு பகுதியை நான் ஏற்கவில்லை. கரைகளையெல்லாம் திறந்துவிட வேண்டும் என்பவர்கள், ஆற்றிடைத் திட்டில் வெறும் சரளைக்கல் மீது முட்டையிடும் பறவைகளை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். முட்டையும் கல்லும் ஒரே நிறம்; காலடியில் இருப்பதே தெரியாது. சென்ற பருவத்தில், புதிதாகத் திறந்த பாதை வழியே வந்த குடும்பம் ஒன்று திட்டில் பாய் விரித்து அமர்ந்திருந்தது. தாய்ப்பறவை சற்றுத் தொலைவில் சிறகு ஒடிந்தது போல இழுத்து இழுத்து நடித்துக்கொண்டிருந்தது. நான் போய் விளக்கியதும் அவர்கள் பதறி எழுந்தார்கள். அந்தத் தாயார், "ஐயா, ஒரு பலகையாவது வைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டது நியாயமான கேள்வி.

அதன்பின் கூடுகட்டும் மாதங்களில் மட்டும் அந்தத் திட்டைக் கயிறு கட்டி மறித்துப் பலகை வைக்கிறோம். அதைப் பார்த்துக்கொள்வது அந்தக் குடும்பமேதான்.

சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் உறுப்பினர்

பறவை நோக்குபவர் கூறும் வரையறை எனக்கு உடன்பாடே. கரை நெடுகிலும் மிதித்தால் நாணலும் புல்லும் அழிந்து மண் சரியும். ஆகவே, உறுதியான சில இடங்களில் மட்டும் நீரருகே இறங்க வழி செய்துவிட்டு, மற்ற இடங்களைத் தாவரங்களுக்கு விடுவதுதான் முறை. ஆனால், அந்தச் சில இடங்கள் எல்லோருக்கும் உரியவையாக இருக்க வேண்டும்.

நான் செல்லும் ஆற்றங்கரையில் அழகான கற்படிகள் கட்டினார்கள். திறப்பு விழாவுக்கு நானும் அழைக்கப்பட்டிருந்தேன். படிகளின் உச்சியிலிருந்தபடியே விழாவைப் பார்த்தேன். பிறகு மனுக் கொடுத்துச் சாய்தளம் வந்தது. சாய்தளம் என்றால் 1 அடி இறங்க 12 அடி நீளமாவது இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. முதலில் கட்டியது அதைவிடச் செங்குத்தாக இருந்ததால் என்னால் தனியாக ஏற முடியவில்லை. பொறியாளரையே ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லி ஏறிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் மனம் கோணாமல் உட்கார்ந்து பார்த்தார்; பாதி வழியில் இறங்கி, வரைபடத்தைத் திருத்தினார். இப்போது நான் நீரோரம் வரை போய், நீரின் கலங்கலை அளக்கும் குழாயான கலங்கல் மானியில் நீரை நிரப்பி, அடியிலுள்ள கருப்பு வெள்ளை வட்டம் எந்த உயரத்தில் மறைகிறது என்று பார்த்துப் பதிகிறேன். 1865இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி நீரின் தெளிவை அளந்த முறையின் வழிவந்த எளிய கருவி அது.

நீருக்குச் செல்லும் உரிமை யாரோ தரும் சலுகை அன்று. காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் இயற்கையால் எல்லோருக்கும் பொது என்று ஆறாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டத்தொகுப்பே எழுதிவைத்தது. பியாஸ் ஆற்றின் போக்கை ஒரு விடுதிக்காகத் திருப்பிய வழக்கில், 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டைத் தழுவியே தீர்ப்பளித்தது. சுவீடனில் நீர்க்கரையிலிருந்து பொதுவாக 100 மீட்டர் வரை புதிதாகக் கட்டடம் எழுப்பத் தடை உண்டு. மக்கள் கரைக்குச் செல்வதும் உயிரினங்கள் வாழ்வதும் ஆகிய இரண்டுமே அச்சட்டத்தின் நோக்கங்கள்.

ஆற்றில் நீந்தும் உறுப்பினர்

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். கனமழைக்குப் பிறகு ஓரிரு நாட்கள் நீரில் இறங்காதீர்கள். கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் செல்லும் நகரங்களில், கொள்ளளவு மிஞ்சியதும் இரண்டும் சேர்ந்து ஆற்றில் கொட்டும். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரம் இந்த வழிதலைக் குறைக்கத் தேக்கத் தொட்டிகளும் குழாய்களும் அமைத்து, 2002இல் துறைமுக நீரிலேயே பொது நீச்சலிடத்தைத் திறந்தது. நீரின் தரம் கெடும்போது நீந்துவதை நிறுத்திவைக்கிறது. நான் நீந்தும் இடத்தில் அப்படி ஏற்பாடு இல்லாததால், கலங்கலைப் பார்த்துக் கரையில் பச்சைக்கொடியோ சிவப்புக்கொடியோ ஏற்றும் பொறுப்பை நீந்துவோரே முறைவைத்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். கிருமியின் அளவு வெறும் கண்ணுக்குத் தெரியாது என்பதால், தெளிந்த நாளிலும் ஆய்வக முடிவு சரியில்லை என்றால் சிவப்புதான்.

இழையைத் தொடங்கியவர்

அந்தக் குழாய் என்ன ஆனது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முதலில் வாய்மொழியாகச் சொன்னோம், பார்க்கிறோம் என்றார்கள். பிறகுதான் நாள், நேரம், கடைசியாக மழை பெய்த நாள், ஆக்சிஜன் அளவு, நீரின் வெப்பம், ஒரே இடத்திலிருந்து எடுத்த படம் ஆகியவற்றை ஒரே படிவத்தில் தொகுத்துக் கொடுத்தோம். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் 1966இல் ஒன்றுதிரண்ட மீனவர்கள், மாசு செய்வோரைப் பற்றித் தகவல் தருபவருக்கு அபராதத்தில் பங்கு உண்டு என்ற 1899ஆம் ஆண்டின் மறக்கப்பட்ட சட்டத்தைத் தேடி எடுத்து, சான்றுகளோடு வழக்காடி வென்றார்கள். அவர்களுக்கும் பலமாக நின்றது ஆற்றிலேயே இருந்து பார்த்த பழக்கம்தான்.

எங்கள் படிவத்தைப் பெற்ற அலுவலர்கள் வடிகாலில் சாயம் கலந்து சோதித்து, தவறாகச் சேர்ந்திருந்த இரண்டு இணைப்புகளைக் கண்டறிந்தார்கள். ஒன்று துண்டிக்கப்பட்டுவிட்டது. மற்றொன்றுக்கு மாற்றுக்குழாய் பதிக்க வேண்டியிருப்பதால் வேலை நடந்துகொண்டிருக்கிறது. விடியலுக்கு முன் அளப்பது தொடர்கிறது. அந்த நேரத்தில் வர இயலும் உறுப்பினர்கள் இங்கே தெரிவித்தால் முறைப்பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். தலைவிளக்கும் வழுக்காத காலணியும் கட்டாயம்; தனியாக யாரும் படியிறங்க வேண்டாம்.