புதுப்பிப்பு: சுவரா, கண்காட்சியா? முடிவெடுத்துவிட்டேன்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு காப்பிக்கடைச் சுவரில் வரைவதா, காசு கட்டிக் கூட்டுக் கண்காட்சியில் சேர்வதா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, சுவரைத்தான் எடுத்தேன். கண்காட்சிக்காரர்கள் கட்டணமும் வாங்கி, விற்றால் பாதியும் கேட்டார்கள், சரிப்படாது. ஆனால் சுவரிலும் ஒரு சிக்கல்: மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், ஆர்டர் கொடுத்து வரைய வைத்த படைப்பின் உரிமை ஆர்டர் கொடுத்தவருக்கே போய்விடும். அதனால் என் படத்தை டீசட்டையிலோ போஸ்ட்கார்டிலோ போட்டால் தனிப் பணம் என்று எழுதி வாங்கினேன், கடைக்கார அண்ணன் முனகிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். அப்புறம், பழைய கடைவீடு, சுண்ணாம்புப் பூச்சு, கீழே ஈரம் ஏறி உப்புப் பூத்திருக்கிறது, அங்கே அக்ரிலிக் அடித்தால் தோல் மாதிரி உரிந்துவிடும். இடுப்பு உயரத்துக்கு மேலேதான் வரையப்போகிறேன். மரபுடைமைப் பகுதி என்பதால் மாநகர் மன்ற அனுமதி வரட்டும் என்று காத்திருக்கிறேன், முன்பணம் வந்துவிட்டது.