புதுப்பிப்பு: போர்தோ பாணிக் கலவை ஒயினை டிகேன்டருக்கு மாற்றுவதில் ஒரு திருத்தம்

போர்தோ பாணிச் சிவப்பு ஒயினை (பிரான்சின் போர்தோ பகுதி வழக்கப்படி, பல திராட்சை வகைகளைக் கலந்து செய்வது) பரிமாறுவதற்கு 2 மணி நேரம் முன்பே டிகேன்டருக்கு, அதாவது ஒயினை ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவைக்கு, மாற்றும்படி முன்பு எழுதியிருந்தேன். அது இளம் பாட்டில்களுக்கு மட்டுமே பொருந்தும். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்னது என் தவறு.

20 ஆண்டு தாண்டிய பாட்டில் என்றால், முதலில் ஒரு முழு நாளாவது நிமிர்த்தி வையுங்கள். டானினும் (ஒயினுக்குத் துவர்ப்பு தரும் பொருள்) நிறமிகளும் காலப்போக்கில் பிணைந்து கசடாகப் படிந்திருக்கும். அது கலங்கினால் நாக்கில் நறநறப்பும் கசப்பும்தான் மிஞ்சும். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே விளக்கொளி படும்படி வைத்து, இடையில் நிறுத்தாமல் சீராக ஊற்றுங்கள். கசடு தோள்பகுதிக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள், அடியில் தங்குவது போனால் போகட்டும். ஊற்றிய கையோடு பரிமாறுங்கள். முதிர்ந்த ஒயினின் மணம் மென்மையானது, காற்றில் வைத்தால் அரை மணி நேரத்திலேயே மங்கக்கூடும்.

எது நீண்ட நாள் தாங்கும்? போர்தோவில் ஆற்றின் இடதுகரையில் உள்ள போயாக் போன்ற பகுதிகளின் ஒயினில் கேபர்னே சாவிஞ்ஞோன் என்ற திராட்சை ஓங்கியிருக்கும். டானின் அதிகம், பொறுமை தேவை. வலதுகரையில் உள்ள போமெரோல் பகுதியில் மெர்லோ என்ற திராட்சை மேலோங்குவதால், அங்குள்ள ஒயின் பொதுவாகச் சீக்கிரமே இளகிவிடும். ஆனாலும் நல்ல போமெரோல் ஒயின் பல பத்தாண்டு நிற்கும்.

சேமிப்பில் மாற்றமில்லை: 12–14 டிகிரி செல்சியஸ், இருட்டு, ஈரப்பதம் 70 சதவீதம் அளவில், பாட்டில் படுத்த நிலையில். அடிக்கடி ஏறி இறங்கும் வெப்பம்தான் பெரிய எதிரி. ஒயின் விரிந்து சுருங்க, கார்க் வழியே ஒயின் கசியும், காற்றும் புகும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது கார்க் கோளாறு, அதாவது கார்க்கிலிருந்து ஒயினில் ஏறிய கெடுதல். எவ்வளவு நேரம் காற்றாட வைத்தாலும் சரியாகாது.