ஊக்க மாத்திரை போட்டபோது உடம்பில் என்ன நடந்தது? உங்கள் அனுபவம்

பழைய ஓட்டக்காரன்:

கல்லூரியில் 100 மீட்டர் ஓடினேன். ஸ்டாப்வாட்ச் டைமிங்கில் 11.4 நொடிக்குக் கீழே இறங்கவே முடியவில்லை. மாநிலத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தபோது, ஜிம்முக்கு வரும் அண்ணன் ஒருவர் சின்ன டப்பாவில் இளஞ்சிவப்பு மாத்திரைகள் கொடுத்தார். "தினம் ரெண்டு போடு தம்பி, பறப்ப" என்றார். மாத்திரையின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் 11.2 ஓடினேன். டிராக்கில் இறங்கும்போதே கால் லேசாக இருந்தது. பக்கத்து லேனில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவும் தோன்றவில்லை. மாத்திரை வேலை செய்கிறது என்பதில் துளி சந்தேகம் இல்லை.

மற்றதெல்லாம் பிறகுதான் வந்தது. மூன்று வாரத்தில் முதுகு முழுக்கப் பரு. எடை நாலு கிலோ ஏறியது, தூக்கம் போனது. ஒருநாள் சோறு ஆறிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் தரையிலிருந்து சோற்றை அள்ளினார். அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆறாவது வாரம் ஸ்டார்ட் எடுக்கும்போது, யாரோ பின்னாலிருந்து குதிகாலில் உதைத்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை. குதிகாலின் நாண் அறுந்திருந்தது. டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்த மாதிரி மாத்திரையில் தசை வேகமாக ஏறும், நாண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். தசை ஏற வாரக்கணக்கில் ஆகும், ஐந்து நாளில் ஓடிய அந்த 11.2-க்கும் மாத்திரைக்கும் சம்பந்தம் இருக்காது, நம்பிக்கைதான் ஓட வைத்திருக்கும் என்று. அது நானே ஓடிய ஓட்டம் என்று தெரிந்தபோது காலில் கட்டோடு படுத்திருந்தேன்.

மருந்துக்கடைக்காரர்:

அண்ணா, கையால் எடுக்கும் டைமிங்கில் 0.2 நொடி பிசகும் வரலாம். ஆனால் நம்பிக்கை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொன்னது சரி. கிளாஸ்கோவில் 15 கிளப் ஓட்டக்காரர்களுக்கு வெறும் உப்புநீரை ஊசியில் ஏற்றி, இது ஈபிஓ (ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும் ஊக்க மருந்து) மாதிரியான மருந்து என்று சொன்னார்கள். 3 கிலோமீட்டரில் 1.2 சதவீதம் வேகம் கூடியது. 2015-இல் வந்த ஆய்வு அது. நெதர்லாந்தில் 48 சைக்கிள் வீரர்களில் பாதிப் பேருக்கு 8 வாரம் நிஜ ஈபிஓ கொடுத்தார்கள். ஆய்வகச் சோதனையில் அவர்களுக்குச் சக்தி கூடியிருந்தது. பிரான்ஸின் மோன் வான்டு மலையேற்றத்தில், போலி ஊசி போட்டவர்களைவிட அவர்கள் முந்தவில்லை.

இதைப் படித்துவிட்டு மருந்தே சும்மா என்று யாரும் நினைக்க வேண்டாம். 1996-இல் வந்த அமெரிக்க ஆய்வில் வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை 10 வாரம் போட்டவர்களுக்கு, உடற்பயிற்சியே செய்யாமல் தசை ஏறியது. அங்கே ரத்தம் பார்க்க டாக்டர்கள் இருந்தார்கள். போன மாதம் என் கடைக்கு வந்த பையனுக்குப் பதினேழு வயதுகூட இருக்காது. பெயர் எழுதிய துண்டுச்சீட்டை நீட்டினான். கொடுக்கவில்லை. வேறு கடைக்குப் போயிருப்பான் என்ற கவலை இன்னும் இருக்கிறது.

ஈட்டி எறிந்தவள்:

பெண்களுக்கு இந்த ஆண் ஹார்மோன் வகை மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்பதைக் கிழக்கு ஜெர்மனி ரகசியமாக அளந்தே வைத்திருந்தது. சிறுமிகளுக்கும் வைட்டமின் என்று சொல்லித்தான் நீல மாத்திரை கொடுத்தார்கள். பெர்லின் சுவர் விழுந்த பிறகு உயிரியல் விஞ்ஞானி வெர்னர் ஃபிராங்கேயும் அவர் மனைவி பிரிகிட் பெரெண்டோங்கும் அந்த ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த அம்மா தானே வட்டு எறிந்தவர். பெண்கள் 400 மீட்டரில் 4 முதல் 5 நொடி குறையும் என்று அதில் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு எங்கள் விடுதி அக்கா ஞாபகம்தான் வந்தது.

அவருக்கும் வைட்டமின் என்றுதான் சொன்னார்கள். ஒரே சீசனில் குண்டு எறியும் தூரம் ஒரு மீட்டருக்கு மேல் கூடியது. எங்களுக்கெல்லாம் பொறாமை. அடுத்த வருடம் எனக்கும் அதே மாத்திரை வந்தது. அதற்குள் அக்காவின் குரல் உடைந்திருந்ததால், நான் வாங்கிக் குளியலறையில் கொட்டினேன். அவரிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

விளையாட்டை விட்டு இருபது வருடம் ஆகியும் அக்காவின் குரல் திரும்பவில்லை. புது எண்ணிலிருந்து போன் வந்தால், "சார்" என்று கூப்பிட்டுவிடுவார்கள் என்று மகளை எடுக்கச் சொல்கிறார்.