மறு: ஸ்வே பாருக்குத் தமிழில் என்ன? ‘முறுக்குநுகம்’ சரிவருமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வளைவில் வண்டி ஒரு பக்கம் சரிவதைக் குறைக்கும் ஸ்வே பார் என்ற தண்டுக்குத் தமிழ்ச்சொல் கேட்டு, ‘முறுக்குநுகம்’ என்று என் சொல்லையும் வைத்து இழையைத் தொடங்கிவிட்டு, நானே நான்கு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தேன், சேர்த்து முடிக்கும் வரை வேறு எதிலும் மனம் போகவில்லை. இதற்குள் ஏழெட்டு மடல்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஒரே மடலில் பதில் சொல்லப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் வண்டியைப் பற்றி. என்னிடம் இருப்பது கேன்-ஆம் ஸ்பைடர், 2008 மாடல், அதாவது இந்த வண்டி வந்த முதல் மாடல். 998 சி.சி. ரோடாக்ஸ் எஞ்சின், முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, பின்சக்கரத்துக்கு விசை பெல்ட் வழியாகப் போகும். பிரேக் காலில் மட்டும்தான், ஒரே மிதி மூன்று சக்கரத்தையும் பிடிக்கும். செய்பவர்கள் கியூபெக்கின் வால்கூர் ஊரில் பனிவண்டி செய்து பெயர் வாங்கிய பொம்பார்டியே வழிவந்த நிறுவனத்தார். பனிவண்டியைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும், அதற்கும் முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, பின்னால் ஒற்றைப் பட்டை. நான் இதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். இங்கே டொராண்டோ பக்கம் நவம்பரில் நிறுத்தினால் ஏப்ரலில்தான் எடுக்க முடியும், அந்த ஐந்து மாதம்தான் எனக்குப் பட்டறைக் காலம். கைப்பிடியை உயர்த்தியது, விளக்குகளை மாற்றியது, சீட்டைப் பிரித்து ஸ்பாஞ்சை வெட்டி மறுபடி தைத்தது எல்லாம் அப்படிச் செய்ததுதான். செய்ததை எல்லாம் தமிழில் குறிப்பாக எழுதி வருகிறேன். கலைச்சொல் தேவை அங்கேதான் வந்தது.

இந்தக் குளிர்காலத்து வேலை, முன்பக்க ஸ்வே பாரை மாற்றி இன்னும் தடித்ததாகப் போடுவது. ஸ்பைடர் வைத்திருப்பவர்கள் அநேகமாக முதலில் செய்யும் மாற்றம் இது. இருசக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாயும், நாம்தான் சாய்க்கிறோம். ஸ்பைடர் அப்படிச் சாயாது, காரைப்போல வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். ஓட்டுபவன் உடம்பும் கூடவே வெளியே இழுபடும். அந்தச் சரிவைக் குறைக்கத்தான் இந்தத் தண்டு. நீண்ட ‘ப’ வடிவம், நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களில் (தண்டைச் சுற்றிய ரப்பர் உறைகளில்) சட்டத்தோடு பிடித்திருக்கும், இரண்டு முனையும் சிறு இணைப்புகள் வழியாக இடது வலது சக்கரங்களின் கைகளோடு, அதாவது சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் இரும்புகளோடு, சேரும். இரண்டு சக்கரமும் சேர்ந்து மேலே ஏறினால் தண்டு புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், எந்த வேலையும் செய்யாது. ஒன்று ஏறி ஒன்று இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும்.

இனி, வந்த சொற்கள்.

> உருள்தடுப்புத் தண்டு

இது ஸ்வே பாரின் இன்னொரு ஆங்கிலப் பெயரான ஆண்டி-ரோல் பார் என்பதன் நேர்மாற்று. படித்தவுடன் எனக்குத் தோன்றியது, சக்கரம் உருளாமல் தடுக்கும் ஏதோ ஒன்று, சரிவில் நிறுத்திய லாரிக்கு அடியில் கட்டை வைப்போமே, அது. ‘உருள்’ என்றால் நமக்குச் சக்கரம்தான் நினைவுக்கு வரும், வண்டியின் உடல் ஒரு பக்கம் சரிவது வராது. சொல்லை முன்வைத்த ஐயா மன்னிக்க வேண்டும், இதை ஏற்க என்னால் முடியவில்லை.

> நிலைப்படுத்தி

ஸ்டெபிலைசர் என்றுதான் ஊரில் லாரிப் பட்டறைகளில் சொல்கிறார்கள், அந்த வகையில் இது பழகிய பொருள்தான். ஆனால் வீட்டில் வோல்டேஜுக்கு வைப்பதும் நிலைப்படுத்தி. அதைவிடப் பெரிய சிக்கல், ஸ்பைடரிலேயே வேறொரு நிலைப்புக் கட்டுப்பாடு இருக்கிறது. வளைவில் வேகம் மிஞ்சினால், உணரிகள் அதைக் கண்டு எஞ்சின் விசையைக் குறைத்து, தேவையான சக்கரத்தில் பிரேக்கையும் தானாகவே போடும் மின்னணு ஏற்பாடு. அது எஞ்சினைக் கம்ம வைக்கும்போது எனக்கு எரிச்சல் வரும், ஆனாலும் உயிர்காக்கும் ஏற்பாடு அது. ‘நிலைப்படுத்தி’ என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். ஒரே வண்டியில் இரும்புத் தண்டுக்கும் அந்தக் கணினிப் பெட்டிக்கும் ஒரே பெயர் வைத்தால், குறிப்பைப் படித்துப் பழுது பார்ப்பவர் எதைக் கழற்றுவார்?

> கவிழ்தடுப்பான், குடைசாய்தடுப்பி

‘குடைசாய்தல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். வைக்கோல் வண்டி குடைசாய்ந்தது, ஆட்டோ குடைசாய்ந்தது என்று சொல்லிச் சொல்லிப் பழகியது. ரோல்-ஓவர் என்பதற்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், இன்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தத் தண்டுக்கு அந்தப் பெயர் வைக்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன். வண்டி எந்த வேகத்தில் குடைசாயும் என்பதை முக்கியமாக முடிவு செய்வது இரண்டு: எடைமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், சக்கரங்கள் எவ்வளவு அகலத்தில் நிற்கின்றன. தண்டு அந்த இரண்டையும் தொடுவதில்லை. உடல் சரிவதைக் குறைக்கிறது, ஓட்டுபவனுக்கு நம்பிக்கை தருகிறது, அவ்வளவுதான். வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குப் போகிற பாரம் ஏறக்குறைய அதே அளவில் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆட்டோ ஏன் எளிதாகக் குடைசாய்கிறது என்று பாருங்கள். முன்னால் ஒற்றைச் சக்கரம், பிரேக் பிடித்தபடி திரும்பினால் பாரம் முன்னோக்கி வெளிமூலைக்குப் போகும், அந்த மூலையில் தாங்கச் சக்கரம் கிடையாது. ஸ்பைடருக்கு அந்த மூலையில் சக்கரம் இருக்கிறது. அதனால்தான் பிரேக்கோடு திரும்பும்போது ஆட்டோவைவிடப் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு சக்கரம் இருக்கும் இடத்தால் வருவது, தண்டால் வருவதில்லை. ‘குடைசாய்தடுப்பி’ என்று எழுதி வைத்து, அதை நம்பி ஒரு பையன் வளைவில் இன்னும் பத்து கிலோமீட்டர் கூட்டிப் போனால் அந்தப் பாவம் சொல் ஆக்கிய நம்மைத்தான் சேரும். கலைச்சொல் பொய் வாக்குக் கொடுக்கக் கூடாது.

ஸ்பைடரை முச்சக்கர வண்டி என்றால் குழப்பம் வராதா என்று யாழ்ப்பாணத்து அக்கா கேட்டதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் முச்சக்கர வண்டி என்றாலே ஆட்டோதான், அதனால் ஸ்பைடரை அப்படிச் சொன்னால் குழப்பம் என்பது உண்மை. என் குறிப்பில் ‘முன்னிரட்டை மூவுருளி’ என்று எழுதுகிறேன், ஆட்டோ பின்னிரட்டை. 1909இல் இங்கிலாந்தின் மால்வர்னில் மார்கன் செய்த மூன்று சக்கர வண்டியும் முன்னிரட்டைதான். அதைப் பற்றி வேறு இழையில் பேசலாம்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். அது பிறந்த கதையைச் சொன்னால்தான் ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்று தெரியும்.

பழைய தண்டைக் கழற்ற, முன்பக்க பிளாஸ்டிக் மூடிகளை எடுத்துவிட்டு, இடது பக்கம் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். நட்டு கழன்றுவிட்டது. ஆனால் இணைப்பின் போல்ட் வரவே இல்லை. எண்ணெய் விட்டேன், மரச்சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை. துருப்பிடித்து இறுகிவிட்டது என்று நினைத்து அறுத்தெடுக்கும் எண்ணத்தில் பிளேடைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். இடது சக்கரம் காற்றில் தொங்குகிறது, வலது சக்கரம் வண்டிப் பாரத்தோடு தரையில் நிற்கிறது, நடுவில் தண்டு முறுக்கிக்கொண்டு முழுப் பலத்தோடு அந்த போல்ட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது. வலது பக்கமும் ஜாக்கி வைத்து இரண்டு சக்கரத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு விரலால் போல்ட்டை உருவினேன், வந்துவிட்டது. அந்த நொடியில்தான் இந்தத் தண்டு என்ன செய்கிறது என்று என் கைக்கு விளங்கியது. அதுவரை படத்தில் பார்த்தது வேறு.

அன்று இரவு நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் பேசினேன். “ஆமாப்பா, ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாப் பூட்டுற ராடுதானே, ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைத் தூக்குனா எப்படி வரும்?” என்றார். ‘பூட்டுற’ என்ற அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது. எதில் பூட்டுகிறோம்? நுகத்தடியில். ஒரு மாடு பள்ளத்தில் கால் வைத்தால் மற்றதும் சேர்ந்து இழுபடும், ஒன்று படுத்தால் மற்றது நிம்மதியாக நிற்க முடியாது. இரண்டு சக்கரத்தையும் அப்படிப் பிணைப்பதால் இது நுகம். நுகத்தடி வளையாது, இது முறுக்கிக்கொள்ளும். அதனால் ‘முறுக்குநுகம்’.

எதிர்க் கேள்விகள் வரும், எனக்கே இரண்டு தோன்றின. நுகத்தடி ஏற்றப்பலகைபோல ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்குமே என்று ஒருவர் கேட்கலாம். ஏர்க்காலில் இறுக்கிக் கட்டிய நுகம் அப்படிச் சுதந்திரமாக ஆடாது, இரண்டு கழுத்தையும் ஒரு மட்டத்தில் வைத்திருக்கத்தான் பார்க்கும். தண்டு செய்வதும் அதுதான், ஒரு சக்கரம் ஏறினால் மற்றதையும் ஏற்றப் பார்க்கும். ஆனால் நுகத்தின் நடு ஆணிக்குப் ‘பகல்’ என்ற பழஞ்சொல் இருக்கிறதே, அதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று தனிமடலில் ஒரு நண்பர் ஆசையோடு எழுதினார். எனக்கும் ஆசைதான், ஆனால் இந்தத் தண்டு நடுவில் ஓர் இடத்தில் பிடிக்கப்படுவதில்லை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இடத்தில். இல்லாத ஆணிக்குப் பெயர் வைக்க வேண்டாம்.

இரண்டாவது, ‘முறுக்குத் தண்டு’ என்று சுருக்கமாக நிறுத்தினால் என்ன? அது டார்ஷன் பார், பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலில் சுருள்வில்லுக்குப் பதிலாக இருந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக வேலை செய்யும், ஒன்றை ஒன்றோடு பிணைக்காது. ‘நுகம்’ என்ற பாதிதான் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுகிறது.

இன்னொரு நன்மையும் கிடைத்தது. தண்டின் முனையைச் சக்கரக் கையோடு சேர்க்கும் சிறு இணைப்புக்கும், எண்ட் லிங்க் என்கிறார்களே, அதற்கும் பெயர் தேடிக்கொண்டிருந்தேன். மாட்டை நுகத்தில் பிணைப்பது பூட்டாங்கயிறு. அப்படியானால் இது ‘நுகப்பூட்டு’. யாரும் விளக்காமலே இரண்டாவது சொல் முதல் சொல்லின் வயிற்றிலிருந்து வந்துவிட்டது. கரடுமுரடான சாலையில் முன்னால் ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்டால் முதலில் நுகப்பூட்டில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள் என்று எழுதிப் பார்த்தேன், வாயில் தடங்கல் இல்லாமல் வருகிறது.

தடிமனைப் பற்றிக் கேட்டவருக்கு: முறுக்கு விறைப்பு தண்டின் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். அதே நீளம், அதே எஃகு, இரண்டும் உள்ளீடற்றதாக இல்லாமல் முழுத்தண்டு என்று வைத்துக்கொண்டால், 20 மி.மீ. தண்டுக்குப் பதில் 24 மி.மீ. போட்டால் விறைப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போய்விடும். கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. காரில் முன்பக்கம் மட்டும் இப்படிக் கூட்டினால் முன்–பின் சமநிலை மாறி, முன்சக்கரங்கள் வழுக்கி வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும். ஸ்பைடருக்கு அந்தக் கவலை மிகக் குறைவு. பின்னால் ஒற்றைச் சக்கரம், சரிவை எதிர்க்க அதற்கு வழியே இல்லை, எல்லாப் பொறுப்பும் முதலிலிருந்தே முன்னிரட்டையின் தலையில்தான். அதனால்தான் மூவுருளியில் இந்த ஒரு துண்டு இரும்புக்கு இத்தனை மரியாதை.

விலையும் உண்டு. நுகம் கெட்டியானால் ஒரு சக்கரம் விழுந்த குழி மற்றதற்கும் தெரியும். பனி உருகும் மாதங்களில் இங்கே சாலையெல்லாம் குழிதான், வண்டியை எடுத்த முதல் நாளே உணர்ந்தேன். வளைவிலோ, இத்தனை வருடம் உள்பக்கம் எக்கி உட்கார்ந்து ஓட்டிய வண்டியில் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு சின்னத் தகவல், நான் படித்ததும் மகிழ்ந்தது: இந்தத் தண்டுக்கு முதல் காப்புரிமை 1919இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்து ஃபிரெடெரிக்டன் ஊர்க்காரர் ஒருவருக்குத்தான் கிடைத்தது. கனடாவில் பிறந்த பொருள், கனடாவில் பிறந்த வண்டி. தமிழ்ப் பெயரும் இங்கே ஒரு கராஜில் குளிரில் வந்திருக்கிறது.

அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டில் நுகத்தில் மாட்டைப் பிணைக்கும் கயிற்றுக்குப் பூட்டாங்கயிறு என்றே சொல்வார்களா, வேறு சொல் உண்டா? உங்கள் பக்கத்துச் சொல் இதைவிடச் சின்னதாக இருந்தால் நுகப்பூட்டை மாற்றிவிடுகிறேன். முறுக்குநுகத்துக்கு மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை காலை, 500 கிலோமீட்டர் ஓடிவிட்டதால், நுகப்பூட்டு நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கப் போகிறேன், குறிப்பின் அந்தப் பகுதியையும் அன்றே எழுதி முடித்துவிடுவேன்.

அன்புடன்,
மூவுருளிக்காரன்