மறு: ஏடிவிக்குத் தமிழ்ச்சொல் – ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஏடிவி (ஆல்-டெரெய்ன் வெஹிக்கிள், அதாவது கால்போட்டு அமர்ந்து சாலையில்லாத நிலத்தில் ஓட்டும் வண்டி) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை நான்கு: அனைத்து நிலப்பரப்பு வாகனம், எல்லாத்தரை ஊர்தி, ஐந்திணை ஊர்தி, நாலுருளி. நான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தேன். படத்தில் மட்டும் பார்த்த ஒன்றுக்குப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. போன வாரம் ஒரு முழுப் பகல் ஓட்டக் கிடைத்தது. அதுவும் இந்த வகையில் புதிதாக வந்திருக்கும் பலசாலிகளில் ஒன்று, கேன்-ஆம் அவுட்லேண்டர் 1000ஆர். 999 சிசி, இரட்டை உருளை கொண்ட ரோட்டாக்ஸ் எஞ்சின், 101 குதிரைத்திறன். 1970இல் ஹோண்டா விற்பனைக்குக் கொண்டுவந்த யூஎஸ்90 என்ற மூன்று சக்கர வண்டிக்கு இருந்தது 7 குதிரைத்திறன்தான். எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

சொல்லுக்கு வருவதற்கு முன் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். சொல் அதிலிருந்துதான் வரவேண்டும் என்பது என் கட்சி.

ஏறுவதற்கு முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பக்கச்சுவர் லேசாக உள்ளே போனது. காற்று இறங்கிவிட்டது என்று நினைத்து, என் காரில் இருந்த காற்றழுத்தமானியை எடுத்துவந்து வைத்தேன். முள் தொடக்கக் கோட்டைத் தாண்டவே இல்லை. வண்டிக்காரர் வேறொரு மானியைக் கொண்டுவந்தார். குறைந்த அழுத்தத்தை மட்டும் அளக்கும் மானி அது. ஏழு பிஎஸ்ஐ காட்டியது. "சரியாத்தான் இருக்கு, ஏறுங்க" என்றார். காருக்கு நாம் முப்பதுக்கு மேல் அடிக்கிறோம். இதற்கு அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

அதன் பொருள் காய்ந்த ஓடைப்படுகையில் இறங்கியபோது புரிந்தது. முஷ்டி அளவு கற்கள் நிறைந்த படுகை. கீழே குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நகர்த்தினேன். டயர் ஒரு கல்லின் மேல் ஏறவில்லை. கல் டயருக்குள் புதைந்தது. சக்கரம் அதைச் சுற்றி மடங்கி, அப்படியே கடந்து, பின்பக்கம் அதை விட்டுவிட்டுப் போனது. கைப்பிடியில் எனக்குச் சிறு அசைவுதான் வந்தது. மோட்டார் சைக்கிளில் அதே கல் மணிக்கட்டை உலுக்கியிருக்கும். தரையை எதிர்த்து ஓடுகிற வண்டி இல்லை இது. அதன் வடிவத்துக்குத் தன்னை மாற்றிக்கொண்டு ஓடுகிறது.

அடுத்தது விசை. இதில் மோட்டார் சைக்கிள் போல முறுக்கும் பிடி இல்லை. வலது கட்டைவிரலால் தள்ளும் ஒரு சிறிய நெம்புதான் முடுக்கி. குலுங்கும் தரையில் உடல் பின்னால் சாயும்போது, முறுக்குப் பிடியாக இருந்தால் கை தானாகவே அதைத் திறந்துவிடும். நெம்பில் அந்த ஆபத்து குறைவு; விரலை எடுத்தால் போதும், அடங்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் கட்டைவிரலின் அடிச்சதை கடுக்கத் தொடங்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 101 குதிரைத்திறன் என்றால் நெம்பை ஒரு நெல்மணி அகலம் கூடுதலாகத் தள்ளினாலும் ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள வண்டி பாய்கிறது. மணல் மேட்டில் அப்படி ஒருமுறை தள்ளிவிட்டேன். முன்பக்கம் எடையிழந்து, கைப்பிடியைத் திருப்பினாலும் திரும்பாத ஒரு நொடி வந்தது. விரலை எடுத்தேன், சக்கரங்கள் மறுபடி அமர்ந்தன. அந்த ஒரு நொடிக்குப் பிறகு நாள் முழுக்க அந்த விரல் மரியாதையாக நடந்துகொண்டது.

இறக்கத்தில்தான் எனக்கு வண்டி மேல் உண்மையான மதிப்பு வந்தது. தாழ்நிலைப் பல்லிணைக்கு மாற்றி, முடுக்கியை விட்டுவிட்டு, பிரேக்கைத் தொடாமல் இறங்கினேன். எஞ்சினே பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்கியது. செங்குத்தான இடம், தளர்ந்த மண். என் வேலை இடுப்பைப் பின்னால் தள்ளி உட்கார்வது மட்டும்தான். இருக்கை நீளமாக இருப்பது இரண்டு பேருக்காக என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. ஒருவர் ஓட்டும் வண்டிதான் அது. அவர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்வதற்காகவே அந்த நீளம். ஏற்றத்தில் முன்னால், இறக்கத்தில் பின்னால், சரிவைக் குறுக்கே கடந்தால் மேட்டுப்பக்கமாக. உடம்பை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தால் வண்டி கவிழ வழிசெய்கிறோம். இருவர் செல்வதற்கென்றே நீட்டிச் செய்த வண்டிகள் தனியாக உண்டு.

இப்போது முக்கியமான இடம். திரும்பி வரும்போது அரைக் கிலோமீட்டர் தனியார் தார்ப்பாதை வந்தது. அப்பாடா, இனி சுகம் என்று நினைத்தேன். அந்த நாளிலேயே எனக்குப் பயம் வந்தது அங்கேதான். கல்லிலும் மணலிலும் கெட்டியாக நின்ற வண்டி, தாரில் மெத்தை மேல் நிற்பது போல அசைந்தது. டயர் முனகியது. வளைவில் மோட்டார் சைக்கிள் உள்பக்கம் சாயும். இதுவோ சாயாமல் என்னை வெளிப்பக்கம் தள்ளியது. மென்மையான டயர் தாரைக் கவ்விக்கொள்ள, உயரமான உடல் மட்டும் மேலே சரிகிறது. இவ்வகை வண்டிகளின் கையேட்டில் தார்ச்சாலை, சிமெண்டுத் தளத்தில் ஓட்ட வேண்டாம் என்ற எச்சரிக்கை வழக்கமாகவே இருக்கும். நான் இறங்கி அதைப் படித்துப் பார்த்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

ஆக, உலகத்திலேயே சமமான தரைதான் இதற்கு ஆகாத தரை. இதை ஓட்டிப் பார்த்தவருக்கு "அனைத்து நிலப்பரப்பு வாகனம்" என்ற பெயரை எழுதக் கை வராது. மூலப்பெயரிலேயே உள்ள மிகை அது. நாம் ஏன் அதைச் சுமக்க வேண்டும்? பெயரை நம்பி ஒருவர் தார்ச்சாலையில் வேகமெடுத்தால் உயிருக்கே ஆபத்து. "எல்லாத்தரை ஊர்தி" சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அதே தவறு.

ஐந்திணை ஊர்தி என்று எழுதிய நண்பருக்கு: படித்தவுடன் எனக்கும் மனம் நிறைந்தது. ஆனால் திணை என்பது வெறும் தரை இல்லை, வாழ்க்கையும் சேர்ந்தது. அதோடு நெய்தலும் அதில் வந்துவிடுகிறது. இந்த வண்டி மிதக்காது. ஓரளவு ஆழம் வரை நீரில் இறங்கலாம், அவ்வளவுதான். எஞ்சினுக்கும், அதன் விசையை ஒரு பட்டை வழியாகச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பட்டைச் செலுத்தத்துக்கும் காற்றிழுக்கும் குழாய்களை மேலே உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அவை மூழ்கினால் கதை முடிந்தது. பட்டைக் கூட்டில் நீர் புகுந்தால் பட்டை வழுக்கும், சக்கரத்துக்கு விசை போகாது. 1960களில் கனடாவில் உருவான ஆறு சக்கர நீர்நில வண்டிகளுக்கு வேண்டுமானால் அந்தப் பெயரைப் பாதுகாத்து வைக்கலாம்.

நாலுருளி பற்றி ஒரே வரி: காருக்கும் நான்கு சக்கரம்தான். 1970இல் தொடங்கியது மூன்று சக்கரத்தில்; சுசூகியின் குவாட்ரன்னர் வந்த பிறகே நான்கு சக்கரம் பரவியது. அமெரிக்காவில் 1988இல் அரசும் தயாரிப்பாளர்களும் செய்துகொண்ட உடன்பாட்டோடு மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. எண்ணிக்கை மாறக்கூடியது, பெயரில் கட்டிவைக்க வேண்டாம்.

என் முன்மொழிவு: கரட்டுந்து.

கரடு என்றால் மேடுபள்ளமும் முருடும் உள்ள நிலம். "கரடுமுரடான பாதை" என்று படிக்காதவரும் சொல்கிறார். முரடு முரட்டு என்று ஆவது போலக் கரடு கரட்டு ஆகும்; உந்து சேர்ந்தால் கரட்டுந்து. பேருந்து, சரக்குந்து, மகிழுந்து என்ற வரிசையில் போய் உட்காரும். எங்கே ஓடவேண்டும் என்பதைச் சொல்கிறது, எங்கும் ஓடும் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

கருத்துகளை எழுதுங்கள்.

*

மறு: மறு: ஏடிவிக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம். இரண்டே நாளில் இத்தனை மறுமொழிகளை எதிர்பார்க்கவில்லை, மிகவும் மகிழ்ச்சி. முக்கியமான மூன்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

> கரடு என்றால் சிறு குன்று அல்லவா? மணலிலும் சேற்றிலும் ஓடுவதற்கு எப்படிப் பொருந்தும்?

குன்று என்ற பொருள் உண்டு ஐயா, மறுக்கவில்லை. ஆனால் கரடுமுரடு என்று சேரும்போது அது குன்றைத் தாண்டிவிடுகிறது. வழவழப்பில்லாத மரத்தையும், பேச்சையும், ஆளையும்கூட அப்படிச் சொல்கிறோம். சமமின்மைதான் அதன் கரு. உழுது போட்ட வயலையும் சேறு குழம்பிய பாதையையும் கரடுமுரடு என்றால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

> வேகமாகச் சொன்னால் கேரட்டு என்று காதில் விழுகிறது. வண்டி என்றே முடிக்கலாமே?

வீட்டில் நான்கு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். தனியாக "கரட்டு" என்று நிறுத்தினால் அந்தக் குழப்பம் வருகிறது, சேர்த்துச் சொன்னால் வரவில்லை. கரட்டுவண்டி என்று பேச்சில் வழங்கினால் எனக்கு முழுச் சம்மதம். பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று இருப்பது தமிழுக்குப் புதிதில்லை. ஏடிவி என்றே சொல்பவர்களும் சொல்லட்டும். அகராதியில் எதிரே ஒரு நல்ல சொல் இருக்கவேண்டும் என்பதுதான் நம் வேலை.

மூன்றாவதாக ஓர் அம்மா எழுதியது என்னை ஓர் இரவு தூங்கவிடவில்லை.

> உந்து என்பது தள்ளும் பொறியைக் குறிக்கிறது. நீங்களோ உங்கள் மடலில் பாதியை உடம்பை எப்படி நகர்த்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். குதிரை ஊர்ந்தான், யானை ஊர்ந்தான் என்று பழைய வழக்கு இருக்கிறதே. நீங்கள் செய்தது ஊர்தல் இல்லையா?

ஆமாம் அம்மா, அதுதான். ஊர்தல் என்றால் இன்று நமக்கு எறும்பு ஊர்வதும் நத்தை ஊர்வதும்தான் நினைவுக்கு வருகின்றன. ஏறிச் செலுத்துதல் என்ற பொருள் அதற்குப் பழையது. ஊர்தி பிறந்ததே அதிலிருந்துதான். இந்த வண்டியின் தொழில்நுட்ப வரையறையைப் பாருங்கள்: நான்கு தாழழுத்த டயர், இருபுறமும் கால்போட்டு அமரும் இருக்கை, திருப்பக் கைப்பிடி. கால்போட்டு அமர்வது வரையறையிலேயே இருக்கிறது! நான் அதைப் பலமுறை படித்தும் என் கண்ணில் படவில்லை. ஊர்தி என்றால் இன்று எல்லா வாகனமும்தான், எனவே கேட்டவுடன் அந்தப் பழைய பொருள் தோன்றாது. ஆனாலும் சொல்லுக்குள் உண்மை உட்கார்ந்திருக்கும்.

இதில் இன்னொரு ஆதாயமும் கிடைக்கிறது. இதே கரட்டில் ஓடும் வேறொரு வகை உண்டு: பக்கத்தில் பக்கத்தில் இருவர் அமர்ந்து, இருக்கைவார் போட்டு, காரைப் போல வட்டத் திருப்பியால் ஓட்டுவது, மேலே கூண்டு இருக்கும். இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள். பாதுகாப்பு முறை இரண்டுக்கும் நேரெதிர். அதில் வாரைப் போட்டுக்கொண்டு கூண்டுக்குள் அசையாமல் இருக்கவேண்டும். இதில் அசைந்துகொண்டே இருக்கவேண்டும். ஆகவே கால்போட்டு ஊர்வது கரட்டூர்தி, உட்கார்ந்து செலுத்துவது கரட்டுந்து என்று பிரித்துவிடலாம். என் சொல் வீணாகவில்லை, சரியான இடத்துக்குப் போயிருக்கிறது.

வண்டியின் பாகங்களுக்கான துணைச்சொற்களில் தாழழுத்த டயரும் பட்டைச் செலுத்தமும் பற்றி யாருக்கும் மறுப்பில்லை போலிருக்கிறது. பட்டைச் செலுத்தத்தைத் "தொடர்மாறு பல்லிணை" என்று எழுதியவருக்கு மட்டும்: அதில் பல்லே இல்லை, இரண்டு கூம்புக் கப்பிகளும் நடுவே ஒரு பட்டையும்தான். ஒவ்வொரு கப்பியின் இரு பாதிகளும் நெருங்கி விலகப் பட்டை ஏறி இறங்கும். தொடர்மாறு செலுத்தம் என்றால் சரியாக இருக்கும்.

சொற்பட்டியலுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "கரட்டூர்தி – தாழழுத்த டயர்களும், கால்போட்டு அமரும் இருக்கையும், கைப்பிடித் திருப்பியும் கொண்டு, சாலையல்லாத நிலத்தில் ஓட்டப்படும் ஊர்தி. தார்ச்சாலைக்கு உரியதன்று." கடைசி வாக்கியம் விளக்கத்தில் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன்.

மீதம் இருப்பது அந்த முடுக்கி நெம்பு. "கட்டைவிரல் முடுக்கி" நீளம், "பெருவிரல் முடுக்கி" காலின் பெருவிரலையும் நினைவூட்டுகிறது. விரல்முடுக்கி என்று சுருக்கினால் பொருள் போய்விடுமா? இதை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிட்டால் பட்டியலை அனுப்பிவிடலாம்.